சான் ஹுவான் சந்தையில் பெண் பார்த்தது

மைக்ரோவேவ் சத்தம் போட்டு நிற்கும்வரை கதிர் என்றைக்கும் காத்திருந்ததில்லை. ஒன்றிரண்டு நொடி மிச்சம் இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுவான். டெக்சாஸ் பிளானோவில் ஒரே அபார்ட்மெண்டில் பல வருடமாக இருக்கிறோம், அவன் உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. டோல்வேயில் அவன் கார் ஓட்டினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கூலி வீட்டுப் பிள்ளை. பெருந்துறையில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். இன்று ஒரு பெரிய வங்கிக்கு மென்பொருள் சோதிக்கிறான். அவன் வீட்டுக்கு அவனும் என் வீட்டுக்கு நானும் முதல் பட்டதாரி. இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அவனுக்குப் பெண் தேடித் தேடி அவன் அம்மா சாந்தாமணி ஓய்ந்துபோயிருந்த நேரத்தில்தான் வான்மதியின் ஜாதகம் வந்தது. திருச்செங்கோட்டுப் பெண். நியூஜெர்சி பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வான்மதியின் சம்மதம் ஒன்றுதான். நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குள் போனில் பேசிப் பேசியே கதிர் அவளிடம் விழுந்திருந்தான்.

எங்கே பார்ப்பது? நியூஜெர்சியில் பார்த்தால் கோவிலில் பார்க்கும் ஆன்ட்டிகள் சாயங்காலத்துக்குள் திருச்செங்கோட்டுக்குச் செய்தி சேர்த்துவிடுவார்கள். பிளானோவும் அப்படித்தான். லாங் வீக்கெண்டுக்குத் தோழிகளோடு போர்ட்டோ ரிக்கோ போகிறேன், அங்கே வாருங்கள் என்று வான்மதியே சொன்னாள். தீவுதான், ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே. திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கவலை இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு சான் ஹுவானின் சான்டூர்சே சந்தை. நிதானமாக நான்கு கடை ஏறி இறங்கினால் மனிதர்கள் எப்படி என்று தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. கதிர் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

சந்தை வாசலில் ஊபரிலிருந்து இறங்கியபோது ஒன்பதேகால்கூட ஆகவில்லை. கட்டிடத்துக்கு வெளியே ஆள் உயர வெண்கல அவகாடோக்கள் நிற்கின்றன. கதிர் உள்ளே கால் வைக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

"கண்ணு, உள்ள போய்ட்டியா?"

"இப்பத்தாம்மா போறேன்."

"போகாதடா சாமி! ஜோசியரைக் கேட்டேன். பொண்ணு பாக்கற ஊர்ல என்ன மணியோ அந்தக் கணக்குதானாமா. சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம். தாண்டட்டும்."

"அங்க சாயங்காலம் ஆயிருச்சேம்மா."

"எனக்கு ஆயிருச்சு. உனக்கு ஆகலையே?"

போனை வைத்தவன் முகத்தில் வங்கியே முழுகிவிட்ட கவலை. "மயிலு, என்ன பண்றதுடா?"

"உள்ள போ. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன்தானே நீ?"

"படிச்சேன். ஆனா இது கூடி வரணும்டா. இதுல ஏதாவது ஆச்சுன்னா ஆயுசுக்கும் அம்மா இதையே சொல்லும்."

"பார்க்கிங் கிடைக்கல, லேட் ஆகும்" என்று வான்மதிக்கு மெசேஜ் அனுப்பினான். "ஓகே, நான் உள்ள இருக்கேன்" என்று உடனே பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு. அவகாடோ சிலைகளைச் சுற்றி வந்தான். இளநீர் வாங்கினான், பாதியில் என்னிடம் கொடுத்தான், மறந்துபோய் இன்னொன்று வாங்கினான். ஓலைத் தொப்பி வாங்கித் தலையில் வைத்து, கோமாளி மாதிரி இருக்கிறதா என்று கேட்டுக் கழற்றினான். வாழைக்காய்க் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே அவன் நடந்த நடையில் அந்தக் கடைக்காரர்கள் இருவரும் எங்களைப் பார்த்து ஏதோ ஸ்பானிஷில் பேசிக்கொண்டார்கள். போனை எடுப்பான், மணி பார்ப்பான், பையில் போடுவான், மறுபடி எடுப்பான். ராகுவுக்கே அலுத்திருக்கும்.

பத்தரை ஆனதும் வேட்டைக்கு விட்ட நாய் மாதிரி உள்ளே பாய்ந்தான்.

வாசலை ஒட்டிய காபிக் கடையில் வான்மதி உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு காலிக் கோப்பைகள். அவள் நாற்காலியிலிருந்து பார்த்தால் வெளிமுற்றம் முழுக்கத் தெரிந்தது. கதிர் அதைக் கவனிக்கவில்லை.

"சாரிங்க. பார்க்கிங் கிடைக்கவே இல்லீங்க. இவன் மயில்சாமி, என் ரூம்மேட்."

"வணக்கம்ணா," என்றாள் என்னிடம். பிறகு அவனிடம், "கார் எங்க நிறுத்துனீங்க?"

"பின்னாடி... ரெண்டு தெரு தள்ளி."

"ஊபருக்குப் பார்க்கிங் தேடற ஆளை இப்பத்தாங்க பாக்கறேன். நீங்க இறங்கினதுல இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். அந்தத் தொப்பி உங்களுக்கு நல்லாத்தான் இருந்துது."

கதிரின் காது சிவந்தது. "ராகு காலமுங்க. அம்மா போகாதேன்னுச்சு."

"ஓ." அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அப்ப நான் வந்தது? நான் ஒன்பது மணிக்கே வந்துட்டேன். உங்களுக்கு மட்டும் நல்ல நேரம் ஆகணும், நான் கெட்ட நேரத்துல தனியா உக்காந்திருக்கலாம். அப்படித்தானுங்களே?"

அந்த நேரம் பார்த்து சாந்தாமணி அம்மா மறுபடி கூப்பிட்டது. அவன் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"பத்தரை தாண்டித்தானே போனே கண்ணு?"

கதிர் வான்மதியைப் பார்த்தான். "இல்லம்மா. நான் ஒன்பதரைக்கே உள்ள வந்துட்டேன்" என்று சொல்லி, அம்மா "ஐயோ!" என்பதற்குள் வைத்துவிட்டான். அவள் பக்கம் பேசிவிட்ட திருப்தியோடு நிமிர்ந்தான்.

வான்மதி சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு பொய், அம்மாவுக்கு ஒரு பொய். காலையிலேயே நல்ல வசூல்தான்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் காய் வாங்கணும். ஃப்ரெண்ட்ஸ் காத்திருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் பாத்துப் போங்க."

சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். கதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே ஊருக்குப் போன் போட்டான், அதே ஸ்பீக்கரில்.

"அம்மா, இப்ப சொன்னது பொய். நீ சொன்ன மாதிரி வெளியவே நின்னேன். அவங்க ஒன்பது மணிக்கே வந்து ஒன்றரை மணி நேரமா எனக்காகக் காத்திருந்தாங்க. பார்க்கிங் இல்லைன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன். இனிமே ஜோசியர் சொன்னாருன்னு என்னால ஒருத்தரைக் காக்க வைக்க முடியாதும்மா. இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னாலும் அது ராகுவால இல்ல, என்னாலதான்."

அந்தப் பக்கம் அம்மா வெடித்தது.

"அறிவு கெட்டவனே! பொண்ணைத் தனியா உக்கார வெச்சுட்டு வெளிய சுத்துனியா?"

"நீதானேம்மா போகாதேன்னு..."

"உன்னைப் போகாதேன்னேன். அந்தப் புள்ளையை வெளிய கூப்பிட்டு ஒரு இளநி வாங்கிக் குடுக்க வேண்டாம்னா சொன்னேன்? இங்கிலீஷ்ல படிச்சு என்னடா புண்ணியம்?"

எனக்கும் சேர்த்து விழுந்த அடி அது. வான்மதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

கதிர் போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் போனான். சேனைக்கிழங்கு மாதிரி ஒன்றை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பப்பாளியை அமுக்கினாள், வைத்தாள், வேறொன்றை எடுத்தாள். முள்சீத்தாவை முகர்ந்து பார்த்தாள். கடை கடையாக அத்தனை நிதானம். காய்ப் பை கதிரின் கையில். ஒவ்வொரு கடையிலும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

"ஏனுங்க," என்றான் கடைசியில், "என்ன நினைக்கறீங்கன்னு சொன்னீங்கன்னா..."

"நான் உக்காந்திருந்தேன்ல? நீங்க கொஞ்சம் நில்லுங்க."

நின்றான். என் வாழ்நாளில் கதிர் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

பை நிறைந்த பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இவர் எப்பவுமே இப்படித்தானா?"

"பரபரப்பு எப்பவும் உண்டு. அம்மாகிட்ட எதிர்த்துப் பேசினது இன்னிக்குத்தான்," என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

அவள் பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "அடுத்த மாசம் பிளானோ வர்றேன். உங்க வீடு, நீங்க இருக்கற ஊர் எல்லாம் பாக்கணும். அதுக்கப்புறம்தான் பதில். ஃப்ளைட் எந்த நேரத்துல இறங்குதோ அந்த நேரத்துக்கு ஏர்போர்ட்ல நிக்கணும். என்ன காலமா இருந்தாலும்."

"நிக்கறேனுங்க," என்றான். வாசலுக்கு வந்து, அவள் தெரு திரும்பும்வரை கை காட்டினான். திரும்பியதும் என் கையிலிருந்த போனைப் பிடுங்கினான்.

"மயிலு, அடுத்த மாசம்னா மொத வாரமா, கடைசி வாரமாடா?"