கடுகின் வயிற்றுவலி

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்குக் கடுகு என்றுதான் பெயர். ஆள் நாலே முக்கால் அடி. வாயைத் திறந்தால் வெட்டு இயந்திரத்தின் இரைச்சல் அடங்கிப்போகும். அப்படிப்பட்டவளை ஆறு வருஷமாக ஒரு வயிற்றுவலி ஆட்டிப்படைத்தது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் தொப்புளுக்குக் கீழே பிடிக்கும். இயந்திரத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நிற்பாள்.

தொழிற்சாலை மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கேமரா வைத்த குழாய் விட்டும் பார்த்தாயிற்று. குடல் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று வயிற்று அமிலத்தைக் குறைக்க மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கோப்பில் 'மனப்பதற்றம்' என்று குறித்தார்.

அந்த ஒரு சொல் அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. விடுப்புக் கேட்டால் மேற்பார்வையாளர் இளித்தார்: "இன்னைக்கு மனசா, வயிறா?" வீட்டில் நாத்தனார் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னு சொல்லேன், அண்ணி." கணவர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாத்தனார் பேச்சைக் கேட்டதைவிட அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் இயந்திரத்தில் அட்டையைச் செருகும்போது வலது கை விரல்கள் தாமாகவே சுருண்டு இறுகின. கையை இழுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவள் சிவப்புப் பொத்தானை அடித்திருக்காவிட்டால் நாலு விரல் போயிருக்கும். பொது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா எதையும் எழுதுமுன் கேட்டார்: "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க? எத்தனை நாளா?"

ரத்தத்தில் மக்னீசியம் அடிமட்டத்தில் கிடந்தது. விரல்கள் சுருண்டு இறுகியதும் அதனால்தான்.

"குடல் நரம்புல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல் இருக்கு. கால்சியம், சோடியம் மாதிரி தாதுக்கள் அது வழியா உள்ள போனா, நரம்பு வலிக்குதுன்னு மூளைக்குச் சொல்லும். சில வாசலை மக்னீசியம் அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அது குறைஞ்சா, லேசா வாயு நகர்ந்தாக்கூட நரம்பு கத்த ஆரம்பிச்சிடலாம். நீங்க சாப்பிடற அமில மாத்திரையை வருஷக்கணக்கா எடுத்தா சிலருக்கு மக்னீசியம் குறையும். உங்க வலி முதல்ல வேற எதாலயோ வந்திருக்கலாம், இது அதைக் கூட்டியிருக்கலாம். ஆனா வலி நிஜம்."

"குழாய் விட்டுப் பார்த்தாங்களே?"

"அதுல புண்ணு தெரியும். இது தெரியாது."

கடுகு அழவில்லை. உள்ளங்கால் முதல் உச்சிவரை கொதித்தது. "அப்ப ஆறு வருஷம் என்னைப் பைத்தியக்காரியாக்கி வச்சிருந்தாங்களே!"

நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக மக்னீசியம் ஏற்றி, அமில மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். வேலைக்குத் திரும்பிய அன்றே, ரத்தப் பரிசோதனைத் தாளோடு தொழிற்சாலை மருத்துவர் முன்னால் போய் நின்றாள்.

"சில பேருக்கு இப்படி ஆகும்மா. என்ன செய்யறது?"

"ஒரு தடவை ரத்தத்தை எடுத்துப் பாத்திருக்கலாம். ஆறு வருஷத்துல ஒரு தடவை! கோப்பை எடுங்க. மனப்பதற்றத்தை அடிச்சுட்டு உள்ளதை எழுதுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு…"

"எழுதற வரைக்கும் நகர மாட்டேன்."

வெளியே வரிசை நீண்டது. யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப்பேர் பையில் அதே மாத்திரை அட்டை இருந்தது. மருத்துவர் முகம் சிவக்க எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தவள் வரிசையைப் பார்த்துக் கத்தினாள்: "நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. ரத்தத்தைப் பாருன்னு கேளுங்க. வாயைத் திறந்து கேளுங்க!"

வலி முழுதாகப் போய்விடவில்லை. மாதத்தில் இரண்டு, மூன்று நாள் வரும். பல்லைக் கடிக்கும் அளவுக்கு இல்லை. கோபம்தான் எள்ளளவும் குறையவில்லை.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் கணவர்.

"உங்க தங்கச்சி பேசினப்ப ஒரு தடவையாவது 'சும்மா இரு'ன்னு சொன்னீங்களா?"

அவர் டிவியை அணைத்தார். அவள் பக்கம் திரும்பி, "எந்த இடத்துல வலிக்கும்?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அப்போதுதான் கேட்கிறார்.

காட்டினாள். முறைத்துக்கொண்டேதான் காட்டினாள்.