ஒரு கோணேசா நேரம்

எங்கள் வீட்டில் மோட்டரின் சூடு பார்க்கும் கருவி இருந்ததில்லை. என் கணவரின் வலதுகைச் சுட்டுவிரல் இருந்தது. அந்த விரலை நம்பித்தான் நாங்கள் பல வருடம் கார் ஓட்டினோம். அது எப்போது பொய் சொல்லத் தொடங்கியது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கார் என்றால் ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார், ஒரு முழ நீளம் வரும். கனடாவில் இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது கொண்டுவந்தான். வந்த நாள் முழுக்கத் தானே ஓட்டித் தீர்த்துவிட்டு, திரும்பும்போது சூட்கேசில் இடமில்லை என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "பிள்ளை இல்லாத குறைக்குப் பொம்மைக்கார் வைச்சு விளையாடீனம்" என்று ஒரு மச்சாள் கல்யாண வீட்டில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காத காலம் அது. திருப்பிக் கேட்க என் வாய் துறுதுறுத்தது. அவர் மேசைக்குக் கீழே என் கையை அமத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். அவருக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை. கார் விஷயத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓட்டுவது நான். என்ன கியர், எவ்வளவு டைமிங் என்று முடிவு செய்வது அவர்.

மோட்டரின் தண்டில் ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கும். பினியன் என்போம். அதில் ஒரு பல் கூடியதைப் போட்டால் கார் நேர்ப்பாதையில் பறக்கும்; வளைவிலிருந்து கிளம்பச் சோம்பல்படும், மோட்டரும் சூடாகும். டைமிங் அடுத்த சங்கதி. மோட்டரின் பின்மூடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அது இன்னும் வேகமாகச் சுற்றும். அதற்கும் விலை சூடுதான். சூடு எல்லை தாண்டினால் மோட்டர் கருகிப்போகும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் கூட்டுவதில்லை என்பது எங்கள் சட்டம். நான் பற்களைப் பெருக்கிப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். "உம்மட கணக்கு சரிதான். ஆனா திருகோணமலை வெயில் உம்மட கணக்கில இல்லையே" என்று சிரிப்பார்.

அவருடைய முறை வேறு. ஓட்டம் முடிந்து கார் வந்ததும் மோட்டரில் சுட்டுவிரலை வைத்துக் "கோணேசா" என்று ஆறுதலாகச் சொல்வார். ஒரு கோணேசா சொல்லி முடியும்வரை விரல் தாங்கினால் கியர் சரி. இரண்டாவது கோணேசாவும் முடிந்தால் ஒரு பல் கூட்டலாம். "கோ" என்றதும் விரல் துள்ளிக்கொண்டு வந்தால் ஒரு பல் குறைக்க வேண்டும். கோணேசர் எங்கள் ஊர்ச் சாமிதான், ஆனால் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். திருவிழாவுக்குக்கூட நான் பிடித்துத் தள்ளித்தான் போவார்.

உட்துறைமுகத்தை ஒட்டி, பாவிப்பில்லாமல் கிடந்த ஒரு தார்த்தரையில் ஞாயிறு பின்னேரங்களில் ஓட்டுவோம். பழைய தண்ணீர்க் குழாய்களைப் போட்டு வளைவுகள் அமைப்போம். சில நாட்களில் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து நடுப்பாதையில் படுத்துவிடும். எழுப்ப ஒருவருக்கும் மனம் வராது. அதுகளாக எழும்பிப் போகும்வரை எல்லோரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை கதைப்போம். எனக்கு அந்தக் காத்திருப்புப் பிடிக்கும்.

எங்களோடு மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரே ஆள் ஒரு கிண்ணியாக்காரர். அங்கே கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தார். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதைப்போல ஒரு கருவியை மோட்டருக்கு நீட்டிச் சூடு பார்ப்பார். "அண்ணன், இந்தக் காலத்திலயும் மோட்டருக்குச் சாமி கும்பிடுறீங்களே" என்று என் கணவரைச் சீண்டுவார். "உம்மட மெஷினுக்குப் பற்றரி முடியும் தம்பி. என்ர சாமிக்கு முடியாது" என்பார் இவர்.

ஒரு மாரிகாலத்தில் இருந்து எங்கள் கார் வெல்லத் தொடங்கியது. மழை விட்ட ஞாயிறுகளில் ஓடிய ஓட்டமெல்லாம் எங்களுக்கே. அவர் விரலை வைப்பார். கோணேசா இரண்டாவது முறையும் வரும். ஒரு பல் கூட்டுவார். அடுத்த முறை டைமிங்கைக் கொஞ்சம் திருப்புவார். கார் இன்னும் பாயும். நேர்ப்பாதையில் என் கண்ணே அதன் பின்னால் ஓட முடியாமல் திணறியது. கிண்ணியாக்காரர் என்னிடம் வந்து, "டீச்சர், அண்ணன்ட விரல ஒரு நாளைக்கு எங்களுக்கும் தாங்க" என்று கேட்டார். என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. கச்சேரியில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் பதவி உயர்ந்து போனவர்கள். ஞாயிறு பின்னேரத்தில் மட்டும் அவர் பெரிய ஆள். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு நோய், இருந்தது. குளிசை போடுவார். குசினியில் சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பையை வெறுங்கையால் தூக்குவார். நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார். "செருப்பு கழண்டதும் தெரியாமல் அப்படி என்ன யோசினை?" என்று நான் கேலி செய்வேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

பிறகு கச்சான் என்னும் கோடைக்காற்றுத் தொடங்கியது. தார் இளகும் வெயில். முதல் ஓட்டத்தில் வென்று காரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். விரலை வைத்தார்.

"கோணேசா… கோணேசா… கோணேசா…"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பகிடி விடுகிறார் என்று நானும் நினைத்தேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கருகல் மணம் வந்தது. மோட்டருக்குள் கம்பிச்சுற்று கருகும் மணம் என்று நினைத்து நானும் விரலை வைத்தேன். "கோ" என்று நினைக்கவும் நேரமில்லை. கையை உதறினேன்.

"இஞ்சருங்கோ, விரலை எடுங்கோ!"

"ஏன்? பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு. இண்டைக்குப் பல்லும் கூட்டலாம், டைமிங்கும் கூட்டலாம்."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். விரல்நுனித் தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது. அவர் அதை, யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார். கிண்ணியாக்காரர் கருவியை நீட்டி, வந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். "அண்ணன், வாங்க, ஐஸ் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரை அன்று முதல் என் தம்பியாகத்தான் நினைக்கிறேன்.

ஆட்டோவில் வரும்போது அவர் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு கிட்டும்போது கேட்டார்: "அப்ப, நாங்கள் வெண்டதெல்லாம் என்ர வருத்தம் வெண்டதோ?"

அப்படித்தான். விரல் மரத்துக்கொண்டு வர வர அவருக்கு மோட்டர் குளிர்ந்துகொண்டு வந்தது. மாரியின் குளிரும் துணை நின்றதால் கருகாமல் தப்பியது.

கிளினிக்கில் ஒரு இளவயது டாக்டர் பிள்ளை அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் போன்ற ஒன்றால் கையிலும் காலிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டா. "தெரியுதா ஐயா?"

"ஓம்."

"இப்ப?"

"ஓம்."

இரண்டாவது முறை அந்தப் பிள்ளை தொடவே இல்லை. விடை தெரியாமல் குத்துமதிப்பாக எழுதும் பிள்ளைகளை எத்தனையோ வருடம் பார்த்தவள் நான். அவர் பாஸாக ஆசைப்பட்டார். நான் எழும்பி வெளியே வந்து நின்று அழுதேன். நரம்பு செத்தது செத்ததுதான், மிச்சத்தைக் காப்பாற்றுவோம், காலைக் கவனமாகப் பாருங்கோ என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்த பிறகு அவர் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தேன். பந்தயத்துக்குப் போவதை விட்டுவிட்டோம். கிண்ணியாக்காரர் தன்னுடைய கருவியை வைத்துக்கொள்ளச் சொன்னார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். கருகின மோட்டரைக் கழற்றி வேறொன்று போட்டு வைக்க மட்டும் ஒருநாள் ஆசைப்பட்டு, முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பினியனைத் தண்டோடு இறுக்குவது அரிசிமணியிலும் சின்னதான ஒரு ஸ்க்ரூ. அது விரலில் இருந்து நழுவி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம். அவர் செருப்பை உதறிவிட்டு விறாந்தை முழுக்க நடந்து தேடினார். கிடைக்கவில்லை. "விடும், வேற ஒண்டு இருக்கு" என்றார்.

அன்று இரவு அவர் காலைக் கழுவும்போது கிடைத்தது. குதிகாலுக்குள் இறங்கி, கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது.

"நோகேல்லையோ?"

"என்னது?" என்று குனிந்து பார்த்தார்.

உடனே கொண்டு ஓடினோம். எடுத்தார்கள், மருந்து கட்டினார்கள். புண் ஆறவில்லை. முதலில் குதிகால், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெட்டி எடுத்தார்கள். அந்த மாதங்களைப் பற்றி எனக்கு எழுத விருப்பமில்லை. யாரோடும் கோபிக்க முடியாத கோபம் ஒன்று இருக்கிறது; அதை விழுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசிக் கிழமையில் காய்ச்சல் விடவில்லை. கண்ணைத் திறக்கச் சோர்வு. நான் கட்டிலருகே இருந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கையை விட்டிட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கேள்வி. நான் இறுக்கிப் பிடித்தேன். அதுவும் அவருக்கு எட்டவில்லை. கல்யாணமான நாளில் இருந்து நான் கோபத்தில் துள்ளும்போதெல்லாம் என்னை அமத்திப் பிடித்த கை அது. அதற்குள் நான் இருப்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அவர் காதுக்குள் குனிந்து சொன்னேன். "நான் கோணேசா சொல்லுறன். சொல்லுறது கேக்கிற வரைக்கும் என்ர கை உங்கட கையில இருக்கு. சரியோ?"

"ஓம்" என்றார். இந்த முறை குத்துமதிப்பு இல்லை.

கோணேசா, கோணேசா என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகம் தெளிந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு அம்மா என் பக்தியைக் கண்டு கைகூப்பினா. எனக்குக் கோணேசரோடு அப்போது பேச்சுவார்த்தையே இல்லை. தண்ணீர் குடிக்கவும் எழும்பவில்லை, தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் கையை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடுவார்.

தாதி வந்து அவரைப் பார்த்தா. பிறகு என் தோளில் கை வைத்து, "அம்மா, காணும். இனி நிப்பாட்டுங்கோ" என்றா.

இன்னும் ஒரு கோணேசா முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.