ஓட்டைவாயரின் வாய்க்கட்டு

அந்த நாட்டு மண், ராஜாவின் குணத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். பழைய ராஜா சரியான சோம்பேறி. அவர் காலத்தில் ஆறுகூட மதியச் சாப்பாட்டு வேளையில் கொஞ்சநேரம் ஓடாமல் கிடந்துவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு கிளம்பும். யாரும் குறை சொல்லவில்லை. மீன் பிடிக்கிறவர்களுக்கு அதுதானே தோது!

அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகன் வேறு தினுசு. சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவன். யாரையும் நம்ப மாட்டான், கிட்ட அண்டவிட மாட்டான். மண்ணும் அதைப் பிடித்துக்கொண்டது. சுவரோடு சுவர் ஒட்டி நின்ற வீடுகள் சத்தமில்லாமல் விலக ஆரம்பித்தன. இரண்டு வீட்டுக்கு நடுவே முதலில் ஒரு சந்து, பிறகு ஒரு தெரு, பிறகு பெரிய வெளி. அதில் எப்போதும் வெள்ளையாக மூடுபனி.

ஓட்டைவாயர் என்று ஊரே கூப்பிட்ட சவரக்காரருக்கு இது வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அவர் கடைக்கு முடிவெட்டவா வந்தார்கள்? பேச்சு கேட்கத்தான் வந்தார்கள்! அதற்கு அரை நாள் நடக்க வேண்டும் என்றானதும், ஆளாளுக்குத் தாடி வளர்த்துக்கொண்டார்கள். "உங்க கடை முடியெல்லாம் என் வாசல்லதான் வந்து விழுது" என்று தினமும் கத்துகிற பக்கத்து வீட்டுக்காரி, தொலைவில் ஒரு புள்ளியாகிவிட்டாள். வாய் அசைவது தெரியும், ஒன்றும் கேட்காது.

"சண்டை போடக்கூட ஆள் இல்லாம போச்சே," என்று அவர் மனைவி புலம்பினாள்.

அப்புறம் அவள் கட்டிலும் நகரத் தொடங்கியது. வீட்டுக்குள்ளேதான்! காலையில் எழுந்து பார்த்தால் அறை நீண்டிருக்கும். கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போவார். திரும்பி வருவதற்குள் அது மறுபடியும் தள்ளிப் போயிருக்கும்.

"என்னங்க, நேத்து நீங்க இருமினது எனக்குக் கேக்கவே இல்ல. இப்படியே போனா உங்க மூஞ்சியே மறந்துடும் போல."

"மறக்கிற மூஞ்சியா இது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டிலை இன்னும் ஒரு முழம் கிட்டே இழுத்துப் போட்டார். அவள் இல்லாமல் அவருக்கு ஒரு பொழுது ஓடாது.

அரண்மனைக்கும் அவர்தான் சவரம். அங்கே ஒரு விதி உண்டு. ராஜாவைத் தொடுகிறவன் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தை பேசினால் தலை போகும். பாவம், இவருக்கா இந்தத் தண்டனை!

அன்று கூடத்தின் வாசலிலிருந்து ராஜாவின் நாற்காலிக்கு நடப்பதற்குள் கால் கடுத்துவிட்டது. நுரை பூசினார். மனசெல்லாம் அந்தக் கட்டில்மேல். ஜன்னலில் ஏதோ பறவை சிறகடிக்க, ராஜா சட்டென்று திரும்ப, தாடையோரம் சுருக்கென்று ஒரு கீறல். கடைப் பழக்கத்தில், கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அழுத்தினார். கைக்குக் கிடைத்தது வாய்க்கட்டு. கட்டு அவிழ்ந்தால் அந்த வாய் சும்மா இருக்குமா?

"ஐயையோ, வலிக்குதாடா கண்ணு?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. போச்சு, தலை போச்சு! எங்கோ தொலைவிலிருந்து காவலர்கள் ஓடிவரும் சத்தம். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

"வலிக்குது," என்றான் ராஜா. சின்னக் குரல். "அம்மா போனதுக்கப்புறம் யாருமே கேக்கல."

நுரை பூசிய முகத்தோடு தேம்பித் தேம்பி அழுதான். ஓட்டைவாயர் ஒரு கையால் துணியை அழுத்திப் பிடித்து, மறு கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். ஓடிவந்த காவலர்கள், கூடம் திடீரென்று சுருங்கிவிட்டதால், ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு விழித்தார்கள். ராஜா கையைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பினான்.

ஓட்டைவாயர் வெளியே வந்தபோது பனி கலைந்துகொண்டிருந்தது. வீடுகள் தூக்கத்தில் நடக்கிறவர்களைப் போல மெல்ல மெல்ல நெருங்கிவந்தன. நாலே எட்டில் அவர் வீடு வந்துவிட்டது. வாசலில் மனைவி, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். தொட்டார். அவள் அவர் கையை விடவே இல்லை.

பக்கத்துச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது.

"இந்தா, உங்க கடை முடியெல்லாம் என் வாசல்ல..."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு சுவருக்கு ஓடினாள்.

"வாடி, வா! இவ்வளவு நாளா எங்கடி போயிருந்த?"