சிவப்பு முனைக் கம்பி

என் வீட்டுக்காரர் குணாளனுக்கு நான் இரண்டாம் தாரம் என்று சிரம்பான் பக்கத்து ராசாவில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். மூத்த தாரம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறது. இரும்பு கடைகிற ஒரு சின்ன லேத்து மெஷின். தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு எண்ணெய் போடுவதென்ன, துணி போட்டு மூடுவதென்ன! எனக்குத் தலைவலி என்றால் ஒரு நாளாவது தைலம் தேய்த்துவிட்டிருப்பாரா அந்த மனுஷன்?

அவர் பட்டறை வேலை படித்தவர் கிடையாது. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். லேத்து வேலை எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டகைதான். கதவுக்குக் குமிழ் செய்வார், கேட்டுக்குக் கொண்டி செய்வார். ஒரு தடவை எனக்கு எஃகில் பூரிக்கட்டை செய்து கொடுத்தார். அதைத் தூக்கினால் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். இன்னும் அலமாரி மேல் கிடக்கிறது.

கேட்காமலே பாடம் வேறு நடத்துவார். "இரும்புன்னா எல்லாம் ஒரே இரும்பு இல்ல ரோகினி" என்பார். அவரிடம் இருந்தவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று லேசாக வெட்டுப்படும். சின்ன மெஷினுக்கு அதுதான் தோது, வெட்டினால் பளபளவென்று இருக்கும், ஆனால் பாரம் தாங்காது, வளைந்துவிடும். இன்னொன்று உறுதியானது. அதை வெட்டும்போது மெஷின் நடுங்கும், கீச்சென்று கத்தும், சீவல் நீளநீளமாகச் சுருண்டு வரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கம்பியின் ஒரு முனையில் பெயின்ட் அடித்து வைப்பார். உறுதியானதற்குச் சிவப்பு, லேசானதற்கு நீலம். தேவைப்படும்போது பெயின்ட் இல்லாத பக்கத்தில்தான் அறுப்பார். அந்த விஷயத்தில் அவ்வளவு கறார்.

ஆயுத பூசைக்குக் கொட்டகை என் பொறுப்பு. மெஷினைத் துடைத்து, மாலை போட்டு, ஸ்பானர் முதல் சுத்தியல் வரைக்கும் பொட்டு வைப்பேன். போன வருஷம் கம்பிகளையும் விடவில்லை. அடுக்கில் முனைகளை நீட்டிக்கொண்டு கிடந்தன, பாவம், அவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. உதிர்ந்து போகக்கூடாதே என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தேன். அவர் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

அவர் பிறந்தது கல்மேட்டுத் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் கிடையாது, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை மரம். லயத்து வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். கோயில் மட்டும் மேட்டின் மேல் அப்படியே இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் சிரம்பான், கோலாலம்பூர் என்று போன சனமெல்லாம் திரும்பி வந்துவிடும். தேரை டிராக்டர் இழுக்கும். கீழே தோட்டத்தைச் சுற்றி வந்து, கடைசியில் கோயில் மேடு ஏற வேண்டும். எங்கள் கோயிலில் பால்குடம் தேருக்குப் பின்னால்தான் வரும்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோயில் தலைவர் நல்லசாமி போன் செய்தார். தேரின் வளையத்தை டிராக்டரோடு மாட்டும் ஆணி தேய்ந்துவிட்டதாம். கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு ஆணி. டிராக்டர் பின்னாலுள்ள தகட்டில் கீழே மட்டும்தான் அதற்குப் பிடிப்பு, மேல்பக்கம் சும்மா நிற்கும். தேரின் பாரம் முழுக்க அந்த ஒற்றை ஆணியில். கடையில் கிடைப்பது அந்த ஓட்டைக்கு ஆடுகிறது என்று சொல்லி, "நீ செஞ்சு குடுப்பா குணா" என்றார்.

பதினொரு வருஷத்தில் வெளியாள் ஒருத்தர் அவரை நம்பிக் கேட்ட முதல் வேலை அது. மனுஷன் அன்றைக்குச் சோறே ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

"ரோகினி, இங்க வந்து பாரு லா! கண்ணாடி மாதிரி வந்திருக்கு. இந்தக் கம்பிய வெட்டுனா மெஷின் அழும். இன்னிக்கு ஒரு சத்தம் இல்ல. என் கை இப்பத்தான் பழகியிருக்கு."

ஆணியில் என் மூக்குத்தி தெரிந்தது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கை ராசிங்க உங்களுக்கு" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

உத்திரத்துக்கு முதல் நாளே போய் ஆணியை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். நல்லசாமி மைக்கிலேயே அவர் பேரைச் சொன்னாராம்.

திருவிழா அன்று எங்கள் மகள் ஷாமினி காலையிலேயே பால்குடம் எடுக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். தேர் மூன்று மணிக்குக் கிளம்பும், நாங்கள் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தால் மேடு ஏறுவதைப் பார்க்கலாம் என்று கணக்கு. ராத்திரி சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்களே என்று, "கொட்டகையக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க, பாக்கச் சகிக்கல" என்றேன். போனார். விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தால் மெஷின் அடியில் குந்தியிருக்கிறார். உள்ளங்கையில் இரும்புச் சீவல். அரிசி நொய் மாதிரி பொடிப்பொடியாக இருந்தது.

"என்னங்க?"

"இது நீளமா வந்திருக்கணும் ரோகினி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து, ஆணி வெட்டி மிஞ்சிய துண்டைத் தேடி எடுத்தார். சாணை பிடிக்கிற கிரைண்டரைப் போட்டு அதில் பிடித்தார். பொறி நேர்நேராகப் பறந்தது. அப்புறம் உறுதியான கம்பியின் பழைய துண்டு ஒன்றை வைத்தார். அதில் பொறி கிளைகிளையாக வெடித்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கம்பி அடுக்கின் பக்கம் போய் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்பான கம்பிய வெட்டிட்டேன். அது தாங்காது. மேட்டுல வளஞ்சிடும், வளையம் கழண்டுக்கும்."

"கழண்டா?"

"தேரு பின்னால உருளும்."

பின்னால் பால்குடம். பின்னால் ஷாமினி.

நல்லசாமிக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. ஷாமினி போன் என் கைப்பையில்தான் கிடந்தது. உறுமி அடிக்கிற இடத்தில் எவன் போனைக் கேட்கப்போகிறான்! மோட்டார் சைக்கிளை எடுத்தார். பட்டுச்சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஐம்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷன் அன்று சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. நான் முருகா முருகா என்றுகொண்டே வந்தேன், நடுநடுவே அவரையும் திட்டினேன். "பெருமை! கண்ணாடி மாதிரி வந்திருக்காம்! சோதிச்சுப் பாத்தா கை முறிஞ்சா போயிரும்?" அவர் இன்னும் வேகமாக முறுக்கினார்.

தோட்டத்து மண்சாலையில் திரும்பும்போதே உறுமிச் சத்தம் மேட்டுப் பக்கமிருந்து வந்தது. தேர் ஏற ஆரம்பித்துவிட்டது. பாதி மேட்டில் இருந்தது. டிராக்டர் உறுமுகிறது, தேருக்குப் பின்னால் மஞ்சள் சேலைகள் நெருக்கியடித்து வருகின்றன. முன்வரிசையில் தலையில் குடத்தோடு என் பெண்.

அவர் மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு டிராக்டருக்கு முன்னால் ஓடிக் கையை விரித்தார். டிராக்டர் ஓட்டும் முனியாண்டி பிரேக்கை மிதித்தார். நான் தேருக்குப் பின்னால் ஓடினேன்.

"ஒதுங்குங்கடி! ரோட்ட விட்டு ஒதுங்குங்க!"

யாரும் நகரவில்லை. பாதிப் பேருக்கு அருள் வந்திருந்தது, மீதிப் பேர் எனக்கு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஷாமினி கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். குடம் சாய்ந்து பால் கொட்டியது. "அம்மா, பைத்தியமா உனக்கு?" என்று அழுதாள். பால் கொட்டியதைப் பார்த்துப் பயந்துதான் மற்றவர்களும் சிதறினார்கள்.

முன்னால் நல்லசாமி கத்துவது கேட்டது. "ஏறுற தேர நிறுத்துறியா? அபசகுனம்டா! குடிச்சிருக்கியா?"

"அண்ணே, ஆணி தாங்காது. சக்கரத்துக்குக் கட்டை வைங்க. அப்புறம் என்னைய அடிங்க."

"நேத்து நீதானடா மாட்டுன? முனியாண்டி, எடு வண்டிய!"

நிற்கிற தேரை மேட்டில் இழுத்தெடுக்கிற அந்த முதல் உலுக்குதான் மோசம் என்று அவர் பிறகு சொன்னார். அந்த நேரம் எனக்கு அது தெரியாது. அவர் குரல்தான் கேட்டது. வீட்டில் டிவி சத்தத்தைக்கூடத் தாண்டாத குரல்.

"ரோகினி! கட்டைய வை!"

முட்டுக்கட்டை தூக்கி வருகிறவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் கையிலிருந்து பிடுங்கி வலது சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். இடது பக்கம் அவர் வந்து விழுந்து, இன்னொரு கட்டையைக் காலால் உதைத்துச் செருகினார். டிராக்டர் ஒரு உலுக்கு உலுக்கியது. டங்கென்று ஒரு சத்தம். டிராக்டர் தனியாக முன்னால் பாய்ந்தது. தேர் பின்னால் வந்தது. என் கட்டை மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. தேரில் இருந்த பூசாரி குப்புற விழுந்தார், விளக்கெல்லாம் சரிந்தது. கட்டை நின்றது. தேரும் நின்றது.

ஷாமினி நின்றிருந்த இடத்தில் சக்கரம் இருந்தது. கொட்டிய பாலின் மேல்.

உறுமி தானாக நின்றுவிட்டது. முனியாண்டி இறங்கி வந்து தகட்டிலிருந்த ஆணியைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். வளைந்து கிடந்தது. நல்லசாமி அதை வாங்கித் தூக்கிப் பிடித்தார்.

"எப்படிடா தப்பா எடுத்த? பதினோரு வருஷமா இரும்போடதான குடும்பம் நடத்துற?"

அவர் சட்டையெல்லாம் மண். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "என் கண்ணு தப்பு அண்ணே. நல்லா வெட்டுப்பட்டுச்சு, என் கைத்திறமைன்னு நெனச்சிட்டேன். சோதிச்சும் பாக்கல."

உயிர் தப்பியது அவரால்தான் என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமே! ம்ஹூம். கயிறு கட்டி எல்லாருமாகத் தேரை மேலே இழுத்தார்கள். அவரும் போய்க் கயிற்றில் கை வைத்தார். "நீ தொடாத" என்றார் நல்லசாமி. கையை எடுத்துக்கொண்டு செம்பனை ஓரம் போய் நின்றார். பிறந்த மண்ணில், அவர் அப்பா இழுத்த தேர். நானும் கோபத்தில் அவரைத் திரும்பிப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் கொட்டகைக்குள் போனேன். அந்தக் கம்பிகள் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு. அடுக்கில் கட்டைவிரல் மொத்தக் கம்பி ஒன்று, மற்றதைவிடக் குட்டையாக, புதிதாக அறுபட்டுக் கிடந்தது. நீட்டியிருந்த முனை சிவப்பு. சிவப்புதானே உறுதியானது, பின்னே எப்படித் தப்பாகும் என்று விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது. அழுத்தித் தேய்த்தேன். எண்ணெயோடு முனை முழுக்கப் பரவியிருந்த சிவப்பு என் விரலுக்கு வந்துவிட்டது. அடியில் நீலம்.

விரலை மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

சாயங்காலம் அவர் வரும்வரை அந்தக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வந்தார். கம்பியைப் பார்த்தார்.

"நேத்தே தெரியும் உங்களுக்கு."

"ம்."

"மோட்டார்ல அத்தனை பேச்சு பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? அத்தனை சனத்துக்கு முன்னால நல்லசாமி கேட்டாரே, அப்ப ஏன் சொல்லல?"

"நீ சாமிக்குன்னு பொட்டு வச்ச. பாக்காம வெட்டுனது நான்தான. அத எதுக்கு ஊரெல்லாம் பேசணும், விடு லா." சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

நான் விடுகிற ஆள் இல்லை. மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கே நல்லசாமி வீட்டு வாசலில் போய் நின்றேன். முனியாண்டி வீட்டுக்கும் போனேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் விரலால் தேய்த்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போது முனையில் பாதி நீலம் வெளியே வந்துவிட்டது. வருகிற உத்திரத்துக்கு அவர் கையில் கயிற்றைக் கொடுக்காவிட்டால், செம்பனை ஓரம் அவர் பக்கத்தில்தான் நானும் நிற்பேன்.