ஊரிகத்துக்கு எத்தனை ஓ

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் அப்போது ஒரு வீட்டில் ஒன்று இருந்தாலே தெருவில் பேச்சு. முன்னறையில் இருந்தது என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, கோயில் நோட்டீஸ் என்று பக்கத்து ராபர்ட்சன்பேட்டை அச்சகங்களுக்கு டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரிண்டர் என் மேஜையில். பின்னறையில் இருந்தது அண்ணனுடையது. அவன் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்த்தான். ஸ்கேனர் அவனிடம். இரண்டு அறைக்கும் நடுவே கூடம். கூடத்தில் டிவியும், டிவிக்கு எதிரே நைனாவும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

என் கல்யாணப் பத்திரிகையை நானே வடிவமைப்பது என்று முடிவானது. மேலே போட வேண்டிய முருகன் படத்தை அண்ணன் ஸ்கேன் செய்தான். படம் பெரிது, ஃப்ளாப்பியில் ஏறவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து ஃப்ளாப்பிகளில் ஏற்றி எடுத்துவந்தோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ஃப்ளாப்பி படுத்துக்கொள்ளும். ஒருமுறை முருகன் வந்தார், மயில் வரவில்லை.

"இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்? ரெண்டையும் கேபிள் போட்டு சேத்துட்டா நீ இங்கேர்ந்தே எட்துக்கலாம்" என்றான் அண்ணன். அடுத்த லீவுக்கு பெங்களூர் போய் நெட்வொர்க் கார்டுகளும் கேபிளும் வாங்கிவந்தான். கேபிள் பின்னறையிலிருந்து புறப்பட்டு, கூடத்தில் சாமி படங்களுக்கு மேலாகப் போய், முன்னறைக்குள் இறங்கியது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணி காயப்போட வசதியாக இருக்கும் என்றாள்.

வேலை செய்யவில்லை. இரண்டு கம்ப்யூட்டர்களை நேராகச் சேர்க்க வேறு வகைக் கேபிள் வேண்டுமாம், உள்ளே ஒயர்கள் குறுக்கே மாறியிருக்குமாம். அதை அண்ணன் ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொண்டு, மறுபடி ரயிலேறிப் போய் மாற்றிக்கொண்டு வந்தான். இப்போது இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் நெட்வொர்க்கைத் திறந்தால் என் கம்ப்யூட்டருக்கு என் கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தது. அவனுடையதற்கு அவனுடையது மட்டும்.

"கண்ணாடி பாக்கறதுக்கா இவ்ளோ செலவு?" என்று கேட்டேன். அண்ணன் விண்டோஸை முதலிலிருந்து மறுபடி ஏற்ற ஆரம்பித்தான். அவனுக்கு எது புரியாவிட்டாலும் அதுதான் மருந்து.

"மாப்ளதான் கம்ப்யூட்டர்லயே இருக்காரே, ஒரு போன் போட்டுக் கேளு" என்றார் நைனா.

"பொண்ணு வீட்டுக்காரங்க நாம, கல்யாணத்துக்கு முன்னாடியே ஒத்தாசை கேட்டா நல்லாவா இருக்கும்? வேணாம் நைனா" என்றான் அண்ணன். கௌரவம் பெண் வீட்டுடையதா, டிராயிங் செக்‌ஷனுடையதா என்று நான் கேட்கவில்லை.

பத்திரிகை மாதிரியைப் பார்க்க மாப்பிள்ளையும், எனக்கு அத்தையாகப் போகிற அவர் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூரிலிருந்து வந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று நானும் அவரும் பேசியது மொத்தமே, காபியில் சர்க்கரை போதுமா, போதும் என்பதுதான். சாப்பாடு முடிந்தது. அத்தை அம்மாவோடு சமையலறைக்குள் போய்விட்டார். மாப்பிள்ளை அண்ணாந்து கேபிளைப் பார்த்தார்.

"நெட்வொர்க் போட்ருக்கீங்களா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"போட்டாச்சு. சின்ன வேலை ஒண்ணு பாக்கி" என்றான் அண்ணன்.

"நான் வேணா பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அண்ணன் அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனான். என்னை முன்னறையில் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்கள். நடுவில் நைனா, டிவியில் கிரிக்கெட். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணும் மாப்பிள்ளையும் அறைக்கு அறை கத்திக்கொண்டிருந்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? அதனால் பேச்செல்லாம் நைனா வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "மாமா, அவங்களுக்கு நான் தெரியறனான்னு கேளுங்க."

நைனா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் தலையைச் சாய்த்தார். "மாப்ள தெரியறாரான்னு கேக்கறாரு."

"தெர்லன்னு சொல்லுங்க நைனா."

"தெர்லயாம் மாப்ள. வந்து ஒருதபா பாத்துட்டுப் போனீங்களே, அதுக்குள்ள மறந்துட்டா போல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"இப்ப தெரியறனா மாமா?"

"இப்பயாச்சும் தெரியறாராம்மா?"

"இல்ல நைனா."

"இல்லயாம். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்க மாப்ள."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பின்னறையில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பை மறைத்த இருமல் என்று எனக்குப் பட்டது. பட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு மாப்பிள்ளை அண்ணனிடம் கேட்டது கூடம் தாண்டி எனக்கும் கேட்டது. "வொர்க்குரூப்புன்னு ஒரு பேர் இருக்கும். ரெண்டுலயும் ஒரே பேர்தான?"

"ஒரே பேர்தான். ஊர் பேரு" என்றான் அண்ணன்.

"மாமா, அவங்களை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லுங்க."

நைனா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். நான் இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் பின்னறைக்கு அனுப்பினார். "ஓ. அப்புறம் இன்னொரு ஓ. ஆர்."

"நில்லுங்க நைனா. இன்னொரு ஓ எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான் அண்ணன்.

"ஊரிகத்துக்கு ரெண்டு ஓ தான்டா" என்று நானே கத்திவிட்டேன்.

"யார் சொன்னது? ஒரு ஓ தான்."

"ஸ்டேஷன் போர்டுல போய்ப் பாரு. தெனம் அது பக்கத்துலதான பைக்கை நிறுத்தற."

"போர்டு எழுதினவன் தப்பா எழுதிருப்பான்."

"பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கான், ஊர் பேரு எழுதத் தெர்ல" என்றார் நைனா, டிவியிடம்.

மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார். "எது சரின்றது அதுக்குத் தேவையில்லீங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும்."

"அப்டின்னா நான் ஒரு ஓவை எட்துடறேன்" என்றேன், பெருந்தன்மையாக.

"நீ ஏன் எட்துடணும்? சரியா எழுதினவ நீ. டேய், நீ ஒண்ணு சேத்துக்கடா" என்றார் நைனா.

அண்ணன் ஒரு ஓவைச் சேர்த்துக்கொண்டான். அவன் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. நான் நெட்வொர்க்கைத் திறந்தேன். என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது. 'சீஃப்' என்று தன் கம்ப்யூட்டருக்கு அண்ணன் பெயர் வைத்திருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியுது நைனா."

"தெரியறீங்களாம் மாப்ள" என்றார் நைனா. சமையலறையிலிருந்து அத்தை சிரித்தது நன்றாகவே கேட்டது.

சீஃபைத் திறந்து முருகன் இருந்த ஃபோல்டரை அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது. நைனா அதைப் பின்னறைக்கு அனுப்பினார். பின்னறையில் நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.

"இன்னாடா, மறந்துட்டியா? சொல்லு, நான் சொல்றேன்" என்றார் நைனா.

"நானே வந்து அடிக்கறேன்" என்று அண்ணன் வேகமாக வந்தான். என்னை எழுப்பிவிட்டு, இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் அடித்தான். திரையில் நட்சத்திரங்கள்தான் விழுந்தன. ஆனால் நான் டைப்பிங் கற்றவள். விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே போதும். அது ஒரு பெண்ணின் பெயர். அவன் செக்‌ஷனில் டிரேஸிங், அதாவது வரைபடங்களை நகலெடுக்கும் வேலை, பார்க்கும் பெண். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வடைக்குப் பக்குவம் கேட்டுப் போனவள்.

"நல்ல பாஸ்வேர்டு" என்றேன் மெதுவாக.

"வாயை மூடு" என்றான் அதைவிட மெதுவாக. அவன் காது சிவந்திருந்தது. என் கல்யாணம் முடியட்டும் என்றுதான் அவன் காத்திருக்கிறான் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குமேல் அவனைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. சாயந்திரம் வரைக்கும்.

முருகன் மயிலோடு முழுதாக வந்து சேர்ந்தார். பத்திரிகையை அச்சடித்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் எழுத்தைப் பாராட்டிவிட்டு, மாப்பிள்ளையின் பெரியப்பா பெயரைச் சின்னப்பா பெயருக்கு மேலே போடச் சொன்னார்.

அவர்கள் கிளம்பும்போது அத்தை அம்மாவிடம் வாசலில் விடைபெற்றுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை செருப்பைத் தேடுவதுபோல் என் பக்கம் வந்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. ஆபீஸ்ல நான் பாக்கறது வேற வேலை. போன வாரம் உங்க அப்பாதான் போன் பண்ணினாரு. உங்க அண்ணனுக்குத் தெரிய வேணாம்னாரு. எங்க ஆபீஸ்ல நெட்வொர்க் பாக்கற ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். மூணு விஷயம் பாக்கச் சொன்னாரு. மொதல்ல லைட்டு, ரெண்டாவது பேரு."

"மூணாவது?"

"ரயில்ல வரும்போதே மறந்துட்டேன். ரெண்டாவதுலயே சரியாப் போகலேன்னா என் மானம் போயிருக்கும்."

அவர் பார்க்க நன்றாக இருந்தார், நல்ல வேலையில் இருந்தார். அதனால்தான் நான் சரி என்று சொல்லியிருந்தேன். பிடித்துப்போனது அந்த 'மறந்துட்டேன்' கேட்டபோதுதான்.

"ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து சாயந்திரம் போன் அடித்தது. நைனா எடுத்தார். "சொல்லுங்க மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மூணாவது ஞாபகம் வந்துடுச்சாம். நீயே கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு, டிவியை அணைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.