சோறு படைக்காத நாட்கள்

என் மருமகளின் வாந்திக்கு நானும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அதுவும் நானாக ஒப்புக்கொள்ளவில்லை. மயிலாடுதுறையில் ஒரு டாக்டரம்மா ஒப்புக்கொள்ள வைத்தார்.

நான் இளவயதிலேயே தீட்சை பெற்றவன். நாள்தோறும் காலையில் நீராடித் திருநீறணிந்து, என் கையாலேயே கால்படி அரிசியை வடித்து, ஆவி பறக்கச் சிவலிங்கத்துக்குப் படைத்து, ஒரு பதிகத்தை முழுவதும் பாடி முடித்த பிறகுதான் என் பல்லில் பச்சைத் தண்ணீர் படும். இந்த ஒழுங்கு அதுவரை ஒரே ஒரு நாள் தவறியிருந்தது. நன்னிலம் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. என் மகனைத் துபாய்க்கு விமானமேற்றச் சென்னை சென்றிருந்தேன். சோறு வடிக்க வழியில்லை. வாடகைக் காரின் பின்னிருக்கையில், சிவலிங்கம் வைத்த பூசைப் பெட்டியைத் திறந்து, இறைவனுக்கு இரண்டு வாழைப்பழம் காட்டிவிட்டு மூடினேன்.

பத்தாம் நாள் மருமகளின் வயிற்றிலிருந்த மூன்று மாதக் கரு கலைந்தது.

நான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பழத்தைக் கொடுத்ததற்காகப் பிள்ளையைப் பறித்துக்கொள்பவர் என்று பரம்பொருளைப் பற்றி நினைப்பது எத்தனை பெரிய நிந்தனை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு மகன் விடுமுறையில் வந்து திரும்பினான். அவன் போன சில நாளில் மருமகளுக்கு நாள் தள்ளிற்று. செய்தி கேட்ட அன்றே நான் நைவேத்தியத்தைக் கால்படியிலிருந்து அரைப்படி ஆக்கினேன். இம்முறை அவர் பசியோடு இருக்கக் கூடாது என்பது என் ஏற்பாடு.

இரண்டு வாரத்தில் வாந்தி தொடங்கியது. அவளுடைய அறையும் அடுக்களையும் ஒரே சுவரின் இரு பக்கம். நான் கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்ப்பேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். நான் பதிகத்தின் முதல் பாட்டைத் தொடங்கும்போது அங்கே அவளும் தொடங்குவாள். பதினோராம் பாட்டு வரை தாளம் தப்பாது. இறைவன் சோதிக்கிறார் என்று எண்ணிக் குரலை உயர்த்தினேன்.

என் மனைவி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மசக்கைன்னா அப்படித்தான். உங்க புள்ளைய சுமந்தப்ப நானும் ஆறு மாசம் எடுத்தேன். நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க, கவனிக்கல."

ஐந்தாம் வாரத்தில் மருமகளின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. இட்டிலி நிற்கவில்லை, மோர் நிற்கவில்லை. ஒரு மாலை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னை அழைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளும்மா."

"உங்க சாமி ஆலகால விஷத்தையே முழுங்குனாரே, அவருக்கு வாந்தி வரலையா?"

"கழுத்துலயே நிறுத்திட்டாரும்மா."

"அந்த வித்தைய எனக்கும் சொல்லித்தரச் சொல்லுங்க. எனக்கு அரை டம்ளர் தண்ணி நிக்கல."

எனக்குள் இருந்த கோயில் மேடைச் சொற்பொழிவாளன் விழித்துக்கொண்டான். "அவரா நிறுத்தலம்மா. அம்பாள் பக்கத்துல இருந்து கழுத்தைப் புடிச்சாங்க."

"அப்ப அவருக்குப் பக்கத்துல ஆள் இருந்திருக்கு," என்றாள்.

துபாய் எவ்வளவு தூரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். தூக்கிய என் மனைவி புடவையில் ஒரு சிறு கறையைக் கண்டாள். பக்கத்து வீட்டுக் காரில் மயிலாடுதுறைக்கு விரைந்தோம். களைந்த அரிசி பாத்திரத்திலும் பூசைப் பெட்டி அலமாரியிலும் கிடந்தன.

டாக்டரம்மா சோதித்துவிட்டு வெளியே வந்தார்.

"இது மசக்கை இல்லைங்க ஐயா, வியாதி. சாப்பாடு இல்லாம உடம்பு தன்னையே எரிச்சுக்கிட்டு இருக்கு. சிறுநீர்ல கீட்டோன் ஏகத்துக்கு இருக்கு. இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பதிகம் பாடிக்கிட்டு இருந்தேங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்; நகைச்சுவையா என்று யோசித்திருப்பார்.

"குழந்தை?" என்றாள் என் மனைவி.

"இப்ப துடிப்பு இருக்கும்மா. ஆனா ரத்தம் பட்டிருக்கு. ட்ரிப் ஏத்தி, வாந்தியை நிறுத்தி, நாலாம் நாள் மறுபடி ஸ்கேன் பார்ப்போம். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல முடியாது." பிறகு அறைக்குள் திரும்பி மருமகளிடம் கேட்டார்: "எந்த வாசனை ரொம்பப் பிரட்டுது?"

அவள் என்னைப் பார்க்காமல், "சோறு வடிக்கிற வாசனைங்க," என்றாள்.

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சாமிக்குப் படைக்கிறது. எப்படிச் சொல்றது?"

நான் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன். பூசை செய்யாமல் உண்பதில்லை என்ற விதிப்படி மாலை வரை பட்டினி கிடந்தேன். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர், கழுத்தில் செபமாலை ஆட, என் முன் வந்து நின்றார்.

"பெரியவரே, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாமே? அந்தப் பொண்ணு பட்டினி கெடந்து வந்திருக்கு. நீங்க பட்டினி கெடக்க வந்திருக்கீங்களா? உங்களுக்கும் பாட்டில் மாட்ட எங்கிட்ட ஸ்டாண்டு இல்ல."

பன்னும் தேநீரும் கொடுத்தார். நாற்பது ஆண்டு விதி அந்தப் பன்னோடு இறங்கிற்று. நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அவளால் மெல்லப் பேச முடிந்தது. வாந்தி ஒருநாளைக்கு இரண்டாகக் குறைந்திருந்தது. ஆனால் கை அடிக்கடி வயிற்றுக்குப் போய்விட்டுத் திரும்பியது. மறுநாள் ஸ்கேன். அதற்குள் எனக்குச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சென்னை, வாடகைக் கார், இரண்டு வாழைப்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் குழந்தை என்னால்தான் போயிற்று, அதனால்தான் இம்முறை அரைப்படி வடித்தேன், அதுவே உன்னை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தது என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் குமட்டியது, சற்று நிறுத்திக்கொண்டாள்.

"நான் சைக்கிள்ல போனதாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாமா. நன்னிலம் வரைக்கும் மிதிச்சேன், அந்த வாரம்."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "நான்தான் அவளுக்குப் பப்பாளி நறுக்கிக் கொடுத்தேன். ரெண்டு துண்டு."

அன்று மாலை மகன் துபாயிலிருந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். நலம் விசாரித்தவன், "அன்னிக்கு நான் கெளம்பாம இருந்திருந்தா மொதல் கொழந்த தங்கியிருக்கும்பா," என்று அழுதான். ஒரே கருவை நாங்கள் நால்வரும் தனித்தனியே கொன்றுவிட்டு, ஓராண்டாக ஒரே குடும்பத்தில் மரியாதையாக வாழ்ந்து வந்திருக்கிறோம்.

டாக்டரம்மா வந்தபோது என் மனைவி பப்பாளியைப் பற்றி நேராகவே கேட்டாள். நான் வாழைப்பழத்தைச் சேர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படிப் போறதுல பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்ந்த கோளாறுதாம்மா. யாரும் பண்ணுனது இல்ல. சைக்கிளும் இல்ல, பழமும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாமியும் இல்லைங்க ஐயா."

கடைசியாகச் சொன்னதற்காக நான் அவரை வணங்கியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது மனத்தாங்கல்தான். நாற்பது ஆண்டாகப் படைத்த என் சோற்றுக்கு அவ்வளவு கூடவா அதிகாரம் இல்லை?

நான்காம் நாள் என்னையும் ஸ்கேன் அறைக்குள் அனுமதித்தார்கள். திரையில் சாம்பல் நிற மூட்டம். டாக்டரம்மா கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். எனக்கு மனப்பாடமான பதிகங்கள் அத்தனையும் என்னைக் கைவிட்டன. ஓரடி கூட நாவுக்கு வரவில்லை. இறைவனைப் பாடத் தோன்றாமல் ஏசத் தோன்றியது. நாலு நாளா உனக்கு ஒரு பருக்கை கிடையாது, வேணும்னா என்னை எடுத்துக்கோ என்று ஒருமையில் மனத்துக்குள் திட்டினேன். ஏசுவதும் வழிபாட்டில் சேர்த்தி என்பதை நான் எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறேன். செய்து பார்த்தது அன்றுதான்.

"இதோ," என்றார் டாக்டரம்மா.

மூட்டத்தின் நடுவில் நெல்மணி அளவில் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. நான்கு நாள் சோறும் இல்லை, பழமும் இல்லை, பாட்டும் இல்லை. அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

வீடு திரும்பியதும் அரிசிப் பானையைப் பரணில் ஏற்றினேன். நானும் மனைவியும் சப்பாத்திக்கு மாறினோம். மறுநாள் பூசையில் நான் வைத்த தட்டை என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, சாமிக்கு ரஸ்க்கா?"

"நஞ்சு தின்னவருக்கு ரஸ்க் ஒத்துக்காதா?"

ஏறக்குறைய மூன்று மாதம் தஞ்சைத் தரணியில் ரஸ்க் தின்ற ஒரே சிவபெருமான் அவர்தான். இடையில் மருமகள் இன்னொரு முறை மருத்துவமனைக்குப் போய் ட்ரிப் ஏற்றிக்கொண்டாள். வாந்தி குறைந்ததே தவிர நின்றபாடில்லை. நான் பதிகத்தை வாய்க்குள் முணுமுணுத்தேன்.

ஆறாம் மாதம் ஒரு காலை, நான் பூசைக்கு உட்காரும் நேரம், அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வயிறு முன்தள்ளியிருந்தது.

"மாமா, இன்னிக்குச் சோறு வடிங்களேன். கொஞ்சம் போல."

பரணிலிருந்து பானையை இறக்கினேன். வெந்ததும் கஞ்சியைச் சாய்த்தேன். ஆவி அவள் முகத்தில் நேரே அடித்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு இடக்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு வலக்கையை நீட்டினாள்.

படைப்பதற்கு முன் எடுக்கலாகாது என்பது தீட்சையின் முதல் விதிகளுள் ஒன்று. ஒரு பிடி எடுத்து, உப்புத் தூவி, அவள் கையில் வைத்தேன். அவள் தின்றாள், அவள் வழியாக உள்ளே இருந்தது தின்றது. அது வயிற்றில் நிற்கிறதா என்று கால்மணி நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது.

அதன் பிறகே தட்டைச் சிவலிங்கத்தின் முன் கொண்டுபோய் வைத்தேன். அன்று அவருக்கு மூன்றாம் பந்தி.