புளி போட்டு மினுக்கிய பதக்கம்

இத்தாலியில், பலேர்மோவில் நான் துப்புரவு வேலை செய்த வீடுகளில், எனக்குப் பயம் பிடித்தது ஒரே ஒரு வீட்டில்தான். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இராணுவத்தவர். மரெஷால்லோ என்பது அவருடைய பதவி. அயலில் எல்லாரும் அப்படியே கூப்பிடுவார்கள். அவர் செருப்போடு நடந்தாலும் என் காதில் சப்பாத்துச் சத்தந்தான் விழும். யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளில் கையை உயர்த்தி நின்றே வளர்ந்த உடம்பு இது. காலையில் அவர் ‘புவோன்ஜோர்னோ’ என்று வணக்கம் சொன்னால், என் கை தானாகச் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடும்.

வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் நாடா கட்டிய வெண்கலச் சிலுவை ஒன்று இருந்தது. வெளிநாட்டில் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையில் பணியாற்றியதற்கான பதக்கம் என்று, பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய பத்திரம் சொன்னது. பயங்கரவாதம் என்ற சொல்லை நான் எந்த மொழியிலும் சட்டென்று வாசித்துவிடுவேன். ஊரில் அதை என் நெற்றியிலும் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு கோழியைக்கூடத் துரத்திப் பிடிக்கத் தெரியாதவன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய மனைவி சிஞ்ஞோரா வெளியே போகும்போது, நாளைக்கு அவர் அந்தச் சிலுவையைக் குத்திக்கொண்டு படைவீரர் நினைவுநாளுக்குப் போகவேண்டும், துடைத்து வை என்றார். எடுத்துப் பார்த்தேன். கறுத்துக் கிடந்தது. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“பதக்கம் ஒண்டு கறுத்துக் கிடக்கு. எப்பிடியப்பா மினுக்கிறது?”

“தங்கமோ?”

“இல்லை, வெண்கலம் போல.”

“அப்ப புளி போட்டு உரஞ்சுங்கோ. இதுக்கும் ஒரு போனோ?”

புளி என் பையிலேயே இருந்தது. காலையில் போர்கோ வெக்கியோ சந்தையில் நம்மவர் கடையில் வாங்கியது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் குத்துவிளக்கை உரஞ்சுவதுபோல உரஞ்சினேன். கால் மணித்தியாலத்தில் சிலுவை பிறந்த குழந்தைபோல இளஞ்சிவப்பாக மினுங்கியது. பெருமை தாங்காமல் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் அலறியது.

“இஞ்சாருங்கோ, இது ஆற்றை?”

“மரெஷால்லோவின்ரை.”

“ஐயோ, ஆமிக்காரன்ரை மெடலோ! நான் சிஞ்ஞோராவின்ரை சங்கிலிப் பதக்கம் எண்டெல்லோ நினைச்சன்! அந்தக் கறுப்பு அதின்ரை நிறமப்பா. இனி வேறை வீடு தேடுங்கோ.”

வாசற்கதவு திறந்தது. மரெஷால்லோ. இனி அவர் பேசுவதை என் தமிழில் தருகிறேன். ஆகவே அவரும் யாழ்ப்பாணத்தவர்போலவே கதைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“கெடுத்துப்போட்டன்,” என்று நானே முந்திக்கொண்டேன். கைகள் அரைவாசி உயர்ந்துவிட்டன.

அவர் சிலுவையை வாங்கி முகர்ந்தார். “என்ன மணம் இது?”

“புளி. எங்கடை சாமி விளக்குக்குப் போடுறது. குழம்புக்கும் போடுவம்.”

சிலுவையோடு உள்ளே போனார். துவக்கு எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சின்னப் பெட்டி ஒன்றோடு வந்தார். அதற்குள் அதே சிலுவை, கறுப்பாகவே.

“இது என்ரை ட்ரைவற்றை. அந்த வெளிநாட்டிலை எங்கடை வேலை முகாம் வாசலிலை நிண்டு வாகனம் பாக்கிறது. ஒருநாள் எனக்குப் பல்வலி. ‘நீங்கள் படுங்கோ, நான் நிக்கிறன்’ எண்டான். அண்டைக்குத்தான் குண்டோடை ஒரு வாகனம் வந்தது.” கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். “அவன்ரை தாய் இஞ்சை பக்கத்திலை ஸ்ஃபெர்ராகவால்லோவிலை இருக்கிறா. ஒவ்வொரு நினைவுநாளும் இதைக் கொண்டுபோய்க் குடுப்பன். ‘இந்த இரும்பு எனக்கெதுக்கு’ எண்டு திருப்பித் தந்திடுவா.”

சாவடியில் துவக்கோடு நிற்பவனுக்கும் பல் வலிக்கும் என்பது, அத்தனை வருடம் வரிசையில் நின்றும், எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குப் பதிலாக ஒருவன் எழுந்து போயிருக்கிறான். அந்தச் சின்னச் சிலுவையை வாங்க எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன.

“இதையும் அப்பிடியே மினுக்கு. நாளைக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கவேணும்.”

இந்தமுறை மெதுவாக, விரல்நுனியால் உரஞ்சினேன்.

திங்கட்கிழமை போனபோது, சின்னப் பெட்டி மேசையில் வெறுமையாகத் திறந்து கிடந்தது. சிஞ்ஞோரா, என் புளிக்குப் பயந்து, வீட்டுப் பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

“தாய் வாங்கினாவோ?” என்று கேட்டேன்.

“முகர்ந்து பாத்தா,” என்றார் மரெஷால்லோ. “‘குசினி மணக்குது, ஆர் செய்தது?’ எண்டு கேட்டா. உன்னைச் சொன்னன். பிறகு திருப்பித் தரேல்லை. பொத்திப் பிடிச்சுக்கொண்டே இருந்தா.”

சொல்லிவிட்டு, என் முன்னால் நிமிர்ந்து நின்று, கையை நெற்றிக்கு உயர்த்தினார். என் கை வழக்கம்போல அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் போனது. மிச்சப் புளிதான் அகப்பட்டது.